டைரக்டர் வீட்டம்மா பஸ்ஸில் போகிறாள்

...பின்ன என்னக்கா, டைரக்டர் பொண்டாட்டி நான். சனத்நகர்லேருந்து கம்பியப் புடிச்சிட்டு நின்னு வரேன், இப்பதான் உங்க பக்கத்துல எடம் கெடச்சுது. கொஞ்சம் தள்ளிக்குங்க... ஹவ், ஆமா, இது போதும்.

எங்க வீட்டுக்காரரு கொர்னேலியஸ். டிவி கம்பெனில பதினஞ்சு வருஷமா டெஸ்டிங். படம் ஆடாம வருதான்னு பாக்கற வேலை. ஊர்ல கலர் டிவி வந்தப்புறம் எங்க கறுப்பு வெள்ளைய யாரும் சீண்டல. கலர் ட்யூப் வாங்கவும் வழியில்ல. முந்நூறு பேரு சும்மா உக்காந்து கேரம் ஆடுனாங்க. ஆனா ஏழு டைரக்டருக்கும் ஆளுக்கொரு காரு. அதுல சேர்மனோட மச்சான் ஒருத்தரு... டிவிக்கு எது முன்பக்கம்னே தெரியாது அவருக்கு.

போன செப்டம்பர்ல ஷேர்காரங்க மீட்டிங். எங்ககிட்டயும் கொஞ்சம் ஷேர் இருக்கு. எப்பவும் நாங்க ரெண்டு பேரும் சமோசா சாப்ட்டுட்டு வந்துருவோம். இந்தத் தடவ, ரயில்வேல ரிட்டயரான எட்வர்ட் அங்கிள், அவரும் ஷேர்காரருதான், மைக்கப் புடிச்சிட்டாரு. மச்சானுக்குப் பதவி முடியுது, மறுபடி வேணாம், டிவி தெரிஞ்ச ஆளப் போடுங்கன்னாரு. சேர்மன் சிரிச்சிட்டே, கையத் தூக்கிக் காட்டுங்கன்னாரு. பத்தாயிரம் ஷேர் வச்சிருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு கைதானே... அத மறந்துட்டாரு பாவம். எங்க வீட்டுக்காரரு பேரச் சொன்னதும் ஹாலே கையத் தூக்கிருச்சு. கம்பெனில ஷேர் வச்சிருந்த பேங்க்காரரு கூட தூக்கிட்டாருக்கா! இவரு பேய்முழி முழிச்சிட்டு நிக்கறாரு.

நான் என்னா நெனச்சேன்... ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல கார்லேருந்து எறங்கலாம்னு. மனுஷன் மொத போர்டு மீட்டிங்லயே பேசிப் பேசி, ஏழு காரையும் விக்க வச்சிட்டாரு. வித்த பணத்துல கலர் ட்யூப். இப்ப ரெண்டு ஷிப்ட் ஓடுது. ஓடட்டும், நல்லதுதான், முந்நூறு வீட்ல அடுப்பு எரியுது. இருந்தாலும் ஒரு காரையாவது வச்சிருக்கக் கூடாதா? கேட்டா, "நக்கோ பேபி, வேணாம், பஸ் இருக்குல்ல"ங்கறாரு.

என்ன, அவரு பேர யாரு குடுத்தாங்களா? அது வந்து... ஒருத்தர டைரக்டராப் போடணும்னா, மீட்டிங்குக்குப் பதினாலு நாளைக்கு முன்னாடியே கம்பெனிக்கு லெட்டர் போடணும்க்கா. ஷேர் வச்சிருக்கற யாரு வேணா போடலாம். என் பேர்லயும் இருபத்தஞ்சு இருக்கு. அவருகிட்ட சொல்லல, சொன்னா விடுவாரா? சேர்மன் லெட்டர வாசிச்சப்ப இவரு அப்டியே திரும்பி என்னப் பாத்தாரு. நான் மொகத்த ஜன்னல் பக்கம் வச்சிட்டு, கைய மட்டும் தூக்குனேன்.