மாரீஸ்வரியின் சட்டைப் பக்கம்

அன்புள்ள கோமதி மேடம்,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தாங்கள் போட்ட கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. சின்னக்கானலில் இப்போது நல்ல மூடுபனி. சனிக்கிழமை இவ்வளவு தூரம் வண்டி பிடித்து வர வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். காரணத்தையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மாரீஸ்வரி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். வேலை முடிந்து வந்தால் வெள்ளை டீ-சர்ட்டில் படம் வரைவாள். ரேஷன் கடை ஷட்டருக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவும் யானை அவள் போட்டதுதான். நாலு பேர் பார்க்க ஒரு ப்ளாக் வேண்டும் என்றாள். நான் அவசரப்படவில்லை. கோடு போட்ட நோட்டில் ஐந்து தளங்களை எழுதி, நிறை குறைகளைக் குறித்தேன்.

"ஏண்ணே, ப்ளாக் பாக்குறியா, பொண்ணு பாக்குறியா? மூணு மாசமாச்சு" என்றாள். அதோடு விட்டாளா? கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடும் ஓர் ஆளைச் சட்டையில் வரைந்தாள். அது நான்தான். தாங்கள் தங்கள் கடைக்கு அறுபது கேட்டீர்களே, அதே சட்டை.

கடைசியில், நாம் அனுமதிக்காமல் யாருடைய கருத்தும் வெளியே தெரியாத தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு. எஸ்டேட் கொடுத்த எங்கள் லயத்து வீட்டில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. ஞாயிறுதோறும் மேட்டுக்கு ஏறி ப்ளாக்கைப் பார்ப்பது நான்தான்.

"யாராச்சும் எழுதினாங்களாண்ணே?" என்பாள்.

"இன்னும் இல்லம்மா."

தாங்கள் அறுபது சட்டையோடு நிறுத்தியிருக்கலாம். கடையிலேயே வேலையும் தங்க இடமும் தருவதாக எழுதினீர்கள். மேடம், லயத்து வீடு அவள் பேரில் இருக்கிறது. அவள் வேலையை விட்டால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். நான் வேலையை விட்டு ஒன்பது வருடமாகிறது. வேண்டாம் என்று மூன்று முறை மரியாதையாகப் பதில் போட்டேன். தாங்கள் விடுவதாயில்லை. அதனால்தான் நான்காவது முறை, மாரீஸ்வரி காலமாகிவிட்டாள் என்று ப்ளாக்கிலேயே எழுதினேன். நாற்பத்து மூன்று பேர் அனுதாபம் தெரிவித்தார்கள். அவற்றை மட்டும் உடனுக்குடன் அனுமதித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி எழுதினேன். அதில் குறை வைக்கவில்லை.

நேற்று, "போகட்டும்ணே, யாருக்கும் பிடிக்கல போல" என்று பிரஷ்ஷைக் கழுவி மச்சில் போட்டுவிட்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் ஊர் விட்டு ஊர் போய்ச் சிரமப்படக் கூடாது. என் எண்ணமெல்லாம் அவ்வளவே.

துக்கம் கேட்க மாலையோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வந்தால் டீ போட்டுத் தருவது அவளாகத்தான் இருக்கும். தங்களுக்குச் சங்கடம்.

தங்கள் உண்மையுள்ள,
மா. செல்லத்துரை