புர்கியிடம் யாரும் சொல்லவில்லை

குவிரின்: இழுக்காதடா. இழுத்தா இன்னும் அழுத்தமா நாலு காலையும் ஊணிக்குவா. ஆறு நாளா இதே வளைவு, இதே கல்லு, இதே கூத்து.

காஸ்பர்: அப்ப என்ன செய்யச் சொல்றீங்க கார்ப்பரல்? கொஞ்சவா?

குவிரின்: கொஞ்சியாச்சு, திட்டியாச்சு, குச்சியும் ஒடிஞ்சாச்சு. கழுதை ஓட்டத் தெரிஞ்ச ஆளா ஒருத்தனை அனுப்புங்கன்னு கீழ் முகாமுக்குச் சொல்லி விட்டா, உன்னை அனுப்பியிருக்காங்க.

காஸ்பர்: கோவேறு கழுதை. வெறும் கழுதைன்னா கோவம் வரும். என்ன புர்கி?

குவிரின்: பேரு எப்படிடா தெரியும்?

காஸ்பர்: ...கழுத்துப் பட்டையில எழுதியிருக்கே.

குவிரின்: மேல கணவாயில எட்டு பேரு இருக்காங்க. ரொட்டி தீர்ந்து ரெண்டு நாளாச்சு. சாயங்காலத்துக்குள்ள பனி கொட்டும். கொட்டுச்சுன்னா வசந்தம் வரைக்கும் இந்தப் பாதை கிடையாது. அந்த எட்டு பேரும் கிடையாது.

காஸ்பர்: ரஷ்யாக்காரனுக்கு எட்டு தோட்டா மிச்சம்.

குவிரின்: வாயைக் கழுவு.

காஸ்பர்: நீங்களே சுமந்துட்டுப் போயிருக்கலாமே?

குவிரின்: மூணு நடை சுமந்தேன். பூட்ஸைக் கழட்டிக் காட்டட்டுமா? ரெண்டு விரல் கறுத்துப் போச்சு.

காஸ்பர்: வேண்டாம் சாமி. இன்னும் நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடலை... ஏன் கார்ப்பரல், இவ காதைப் பாத்தீங்களா? ரெண்டும் பள்ளத்துப் பக்கம்.

குவிரின்: ...பாத்தேன்.

காஸ்பர்: தலையை வேற ஆட்டுறா. கீழேருந்து யாரோ ஏதோ கேக்குற மாதிரி, இவ ஆமாங்கிற மாதிரி.

குவிரின்: ஈ மொய்க்குது.

காஸ்பர்: இந்தக் குளிர்லயா?

குவிரின்: ...உனக்கு ஏதாச்சும் கேக்குதா?

காஸ்பர்: காத்து.

குவிரின்: காத்தே இல்லையேடா. மூடுபனி அசையாம நிக்குது பாரு.

காஸ்பர்: அப்ப ஒண்ணும் கேக்கலை. உங்களுக்கு?

குவிரின்: எனக்கு என்ன கேக்கப் போகுது.

காஸ்பர்: இவளை ஓட்டிக்கிட்டிருந்த ஆளு... இங்கதான் விழுந்தானாமே?

குவிரின்: பென்னோ. ஆமா. பாறை மேல ஐஸ், கண்ணாடி மாதிரி. கால் வழுக்குச்சு. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளு இல்லை. செத்துட்டான்னு அன்னைக்கே அறிக்கை எழுதிக் குடுத்துட்டேன்.

காஸ்பர்: இவகிட்ட சொன்னீங்களா?

குவிரின்: யாருகிட்ட?

காஸ்பர்: புர்கிகிட்ட. நீங்களும் பவேரியாக்காரர்தானே? உங்க ஊர்ல சொல்ல மாட்டாங்களா?

குவிரின்: ...சொல்லுவாங்க. எங்கப்பன் செத்தப்ப அம்மா முதல்ல தொழுவத்துக்குத்தான் போனா. ஒவ்வொரு மாட்டுக் காதிலயும் போய், உன் எஜமான் செத்துட்டாருன்னு... தேன்கூட்டைக்கூடத் தட்டிச் சொல்லிட்டு வந்தப்புறம்தான் அழுதா.

காஸ்பர்: சொல்லலைன்னா மாடு அவரையே தேடிக்கிட்டு நிக்கும். தீனி எடுக்காது. நகராது. இவளும் தேடுறா. சொல்லிடுங்க.

குவிரின்: பட்டாளத்துல இதெல்லாமா...

காஸ்பர்: எட்டு பேரு பட்டினி கிடக்குறாங்க. ஒரு வார்த்தைதானே? தொப்பியைக் கழட்டுங்க. அதுல இருக்கற பட்டாளத்துப் பூச்சின்னத்தைக் குத்திக்கிட்டு யாரும் சாவு சொல்ல மாட்டாங்க.

குவிரின்: சரி... புர்கி. ஏய் புர்கி. உன் எஜமான்... பென்னோ செத்துட்டான்.

காஸ்பர்: காதை இந்தப் பக்கம் திருப்பவே இல்லையே.

குவிரின்: பாத்தியா? எல்லாம் பாட்டிமார் கதை.

காஸ்பர்: எங்கம்மா இன்னொண்ணும் சொல்லுவா. உயிரோட இருக்கற ஆளைச் செத்துட்டான்னு சொன்னா, கால்நடை நம்பாதாம்.

குவிரின்: ...என்னடா சொல்ல வர்ற?

காஸ்பர்: ஒண்ணும் இல்லை. இந்தக் கயிறு புதுசா இருக்கு. பழைய கயிறு எங்க?

குவிரின்: அவனோட போயிடுச்சு.

காஸ்பர்: முழுசாப் போகலையே. இதோ, பட்டை வளையத்துல ஒரு சாண் தொங்குது. இழுத்து அறுந்த கயிறா இருந்தா நுனி நார்நாராப் பிரிஞ்சிருக்கும். இது வெண்ணெய் வெட்டுன மாதிரி இருக்கு கார்ப்பரல்.

குவிரின்: ...மணிக்கட்டுல கட்டியிருந்தான்.

காஸ்பர்: கயித்தையா?

குவிரின்: கட்டாதடா, கட்டாதடான்னு தலையில அடிச்சுக்கிட்டேன். விரல் மரத்துப் போச்சு, பிடி நிக்கலைன்னு சுத்திக்கிட்டான். வழுக்குனான். ஒத்தக் கையில தொங்குறான். இவ நாலு காலும் சறுக்குது. முதுகுல எட்டு பேரோட ரொட்டி... நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?

காஸ்பர்: கத்தினானா?

குவிரின்: அறுக்குறப்ப ஒரு சத்தம் இல்லை. என்னையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம்தான்... மறுநாள், கீழேருந்து. புர்கி, புர்கின்னு. ஏதோ பாறை நடுவுல தாங்கியிருக்கணும்.

காஸ்பர்: முகாம்ல வேற கயிறு இருந்திருக்குமே. இறங்கலையா?

குவிரின்: அதுக்குள்ள முகாமுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டேனே! மறுநாள் வந்து நிக்கிறேன், குரல் கேக்குது. செத்துட்டான்னு எழுதுன ஆளை எப்படிடா மேல தூக்கிட்டு வர்றது... அவன் மணிக்கட்டுல வெட்டுன கயித்தோட?

காஸ்பர்: எப்ப நின்னுச்சு அந்தக் குரல்?

குவிரின்: நிக்கலை.

காஸ்பர்: ஆறு நாளாவா? இந்தப் பனியிலயா? ஒரு மனுஷன்...

குவிரின்: அதைத்தான் நானும் கேக்குறேன்! மனுஷனால முடியாது. ஆனா கூப்பிடுதே. இப்பவும். அவன் எப்பவும் கூப்பிடுற மாதிரியே, நாக்கைச் சொடுக்கி... அவ தலையாட்டுறா பாரு. டேய், நீ சொல்லு இவகிட்ட. உனக்கு ஒண்ணும் கேக்கலைல்ல? நீ சொன்னா பொய் ஆகாது. உன் வார்த்தைக்கு நகருவா.

காஸ்பர்: வீட்டு ஆளுதான் சொல்லணும்.

குவிரின்: காகஸஸ் மலையில வீட்டு ஆளுக்கு நான் எங்கடா போவேன்? சும்மா அந்தப் பட்டையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்... இரு. இரு. இதுல பேரே இல்லையே. நம்பர்தான் இருக்கு. யாருடா நீ?

காஸ்பர்: பென்னோவோட தம்பி. எங்க தொழுவத்துலேருந்துதான் இவளைப் பட்டாளம் ஓட்டிட்டு வந்துச்சு. சாவு சொல்றதுக்குன்னுதான், கெஞ்சி இந்த வேலையை வாங்கிக்கிட்டு ஏறி வந்தேன்... என்னாலயும் முடியலை குவிரின். வந்ததுலேருந்து எனக்கும் கேக்குது. அவன் எப்படி இருந்தாலும் சரி, மேல வந்தாத்தான் இவ நகருவா, அந்த எட்டு பேருக்கும் ரொட்டி போகும். கயித்தை எடு, என் இடுப்புல கட்டு. அதுக்கு முன்னாடி... அந்தக் கத்தியைத் தூக்கிப் பள்ளத்துல போடு.