வாசல்ல கெடக்குற கல்லு

அட பரவால்ல சார், அந்தக் கல்லு மேலயே உக்காருங்க. வர்றவங்க எல்லாரும் அதுலதான் உக்காருவாங்க. பன்னெண்டு வருஷமா நானும் அதுல உக்காந்துதான் இந்தக் கேட்டப் பாத்துக்கறேன்.

ஆமா, உங்க புத்தகத்தப் படிச்சிருக்கேன். முழுசா இல்ல, பொய் சொல்லக் கூடாது. சிலையப் பாக்க வர்றவங்களுக்கு எதாவது சொல்லணுமேன்னு மொதப் பத்துப் பக்கம். வானத்தத் தாங்கிப் பிடிச்ச ஆதிகாலத்து அரக்கன், அகந்தையே வேணாம்னு தலையக் கழட்டி பூமிக்குக் குடுத்துட்டான், அதான் சிலைக்குத் தலையில்ல. அப்படியே ஒப்பிச்சிருவேன். போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு கேக்குது, தலை இல்லாம வானம் விழுதா இல்லையான்னு எப்படிப் பாத்துக்குவான்னு. அவங்கம்மா அத அதட்டுறாங்க. என்னால சிரிப்ப அடக்க முடியல.

செஞ்சவரா? அவரு வேற ஊர்ல செதுக்கி முடிச்சு, அஞ்சு லாரில துண்டு துண்டா அனுப்பிவெச்சாரு. கல்லு வந்து சேர்றதுக்குள்ள அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அப்ப நான் கிரேன் ஓட்டிட்டிருந்தேன். காலு, இடுப்பு, மாரு, மேல தூக்கின ரெண்டு கை, எல்லாத்தையும் பூ மாதிரி ஏத்தி வெச்சேன். கடைசி லாரில வந்தத மேல தூக்கறப்பதான் சங்கிலி வழுக்கிருச்சு. மறுநாளு திறப்பு விழா. எங்க இன்ஜினியர் கழுத்துல சிமெண்டப் பூசி மழமழன்னு ஆக்கிட்டு, வாயத் தொறந்தா நீ தொலஞ்சேன்னாரு. என்னைய வாசல்லயே காவலுக்குப் போட்டாரு. அவரு ரிட்டயர் ஆகிப் போயிட்டாரு.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னு கேக்கறீங்க. காலைல ஒரு ஆர்டர் வந்துச்சு. சிலையோட புனிதத்துக்குப் பொருந்தாம வாசல்ல கெடக்குற கல்லயெல்லாம் நாளைக்கு ஒடச்சு, ஜல்லியாக்கி, நடைபாதைக்குக் கொட்டணுமாம். ஆலோசகர்னு போட்டு, கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு.

இத்தன வருஷம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன் சார். கண்ணு முன்னால ஜல்லியாவுறதப் பாத்துக்கிட்டு நிக்க மனசு வரல. என் வேலை போனாப் போவுது. உங்க புத்தகம் என்னாவும்னு நீங்க பாத்துக்கங்க.

மெதுவா, மெதுவா எந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கறது பின்மண்டை. மூஞ்சி கீழ, மண்ணுக்குள்ள இருக்கு. விழறதுக்கு முன்னாடி கிரேன் மேலருந்து நான் ஒருத்தன்தான் அத நேருக்கு நேரா பாத்தவன். அவன் வானத்தையெல்லாம் தாங்கல சார். கைய ரெண்டையும் மேல தூக்கி, சோம்பல் முறிச்சு, கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தான்.