பக்கத்து சீட்டில் ஈரம்

— ஹோஸை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி குட்டி. கூரை கண்ணாடியோட சேர்ற இடத்துல அடி.

— அரை மணி நேரமா அடிக்கிறேன்ணா, கையே மரத்துப் போச்சு. பொண்டாட்டியைக் கூட இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்ட.

— வாயைக் குறை. போதும், குழாயை மூடு.

— ஒழுகுதா இல்லையா?

— சொட்டு கூட இறங்கல. அதான் மண்டை காயுது. கான்வாஸ் கூரை புதுசு, ரப்பர் பட்டை புதுசு. தண்ணி வடியற ஓட்டையெல்லாம் கம்பி விட்டுக் குத்தியாச்சு. ஆனா தினம் காலையில டிரைவருக்குப் பக்கத்து சீட்டு தொப்பலா நனைஞ்சு கிடக்கு.

— ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டி. மழை பெய்ஞ்சே ரெண்டு வாரம் ஆச்சு.

— தெரியும்டி. கூரை திறக்கிற கார், அதுலயும் இருபது வருஷத்துக் கிழம். எங்கேயோ தண்ணி தேங்கி நிக்குது. சாயங்காலம் வாங்கறவர் வந்துடுவார். இன்னிக்கு இது கேட்டைத் தாண்டினாத்தான் எனக்குத் தூக்கம்.

— ஹீட்டர் குழாய் கசியுதோ?

— பார்த்துட்டேன். அந்தத் தண்ணி பச்சையா இருக்கும். இது வேற. மோந்து பாரு.

— ஐயே! பாசி வாடை. ஏரித் தண்ணி மாதிரி இருக்கு.

— உளறாத.

— அண்ணி மூழ்கிப் போன ஏரி வாடை எனக்கு மறக்குமா? கரையில மூணு நாள் நின்னவ நான். ஆனா இந்த வண்டிதான் தண்ணியில இறங்கவே இல்லையே. கரை மேல கூரையைத் திறந்துகிட்டு நின்னுச்சு.

— வருஷம் ஒண்ணாச்சு, இப்ப எதுக்கு அதைக் கிளறுற? கதவைத் திறந்து டார்ச் அடி. ஹோஸ்ல அடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள பவுடர் தூவி வச்சேன். தண்ணி வர்ற வழி கோடு போட்டுக் காட்டிடும். ரப்பர்ல கோடு இருக்கா?

— இல்ல. பவுடர் கலையாம அப்படியே இருக்கு.

— கீழ, கால்மிதியில?

— கால்மிதியில... அண்ணா.

— என்ன?

— கால் தடம். ரெண்டு வெறுங்கால் தடம். ஈரமா.

— உன்னோடதா இருக்கும்.

— நான் ஷூ போட்டிருக்கேன். இதுல சுண்டு விரல் பக்கத்து விரல் மேல ஏறியிருக்கு. யாரோட கால் அப்படி, உனக்குத் தெரியாதா?

— நகரு. ஸ்பேனரை எடு. சீட்டையே கழட்டி எறிஞ்சுடறேன்.

— இருண்ணா. உன் சீட்டு, டிரைவர் சீட்டு, நனைஞ்சிருக்கா ஒருநாளாவது?

— இல்ல. அது எப்பவும் காஞ்சுதான் கிடக்கும்.

— அன்னிக்கு அண்ணி தனியா ஓட்டிட்டுப் போனாங்க, நீ வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்னு சொன்ன. போலீஸ்லயும் அதைத்தான் சொன்ன.

— ஆமா. அதுக்கு என்ன இப்போ?

— அப்புறம் ஏண்ணா அவங்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்காங்க?