நடு அடுக்கு மூட்டைகள்

மார்ச் பதினான்காம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, பொது மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், எங்கள் ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண்மணியின் கணவர் இறந்தார். ஈரல் புற்றுநோய். கொத்தனார். வயது நாற்பத்திரண்டு.

நான் எதையும் வீணாக்குகிறவன் அல்ல. ஒருபக்கம் அச்சான தாளென்றால் மறுபக்கத்தில் எழுதுவேன். நான் எந்த ரகத்து ஆள் என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

மக்காச்சோளத்தில் ஒரு பூஞ்சை வளர்கிறது. அது சுரக்கும் நஞ்சுதான் இருபத்தாறு ஆண்டுகளாக என் வேலை. அதற்கு நிறமில்லை, கசப்பில்லை. பூஞ்சை காய்ந்து உதிர்ந்த பிறகும் மணிக்குள் தங்கியிருக்கும். பார்வைக்கு நல்ல சோளம். கொதிக்க வைத்தாலும் பெரிதாகக் குறையாது. அவசரப்பட்டுக் கொல்வதில்லை, ஆண்டுக்கணக்கில் ஈரலோடு பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் எலிகளில் நிரூபித்தேன். நான் போன மாநாடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: எலிக்குச் சரி, மனிதனுக்கு? ஒரு குடும்பம் எந்தச் சோளத்தை எவ்வளவு காலம் தின்றது என்று துல்லியமாகச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியவில்லை.

எங்கள் கிடங்கில் ஓர அடுக்கு முழுக்கச் சுத்தமான சோளம், நடு அடுக்கில் நஞ்சேறியது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும். சோதனை போக மீதியை எரித்துவிட வேண்டும் என்பது விதி. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டார். அந்தப் பெண்மணியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"நல்ல சோளத்தப் போயி எரிக்கிறீங்களே சார், மனசு கேக்கல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டா? எங்க வீட்டுல நாலு வாயி."

ஆய்வக வண்டியின் ஓட்டுநரும் அங்கே இருந்தார். "அப்ப எனக்கும் ஒரு மூட்டை சார். எங்க வீட்டுல மட்டும் வாயத் தைச்சா வச்சிருக்கோம்?"

இரண்டு வீடுகள், இரண்டு அடுக்குகள். யாருக்கு எது என்பதை ஆய்வாளன் தேர்ந்தெடுக்கக் கூடாது. அறைக்குப் போய் நாணயத்தைச் சுண்டினேன். அக்காவுக்கு நடு அடுக்கு விழுந்தது. என்மேல் பாரபட்சம் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

மாதம் ஒரு மூட்டை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு குடும்பங்களுக்கும் இலவச ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை. "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான் சார்" என்று அக்கா கண்கலங்கினார். முதல் பரிசோதனையிலேயே கொத்தனாரின் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி நிரந்தரமாகத் தங்கியிருப்பது தெரிந்தது. அந்தக் கிருமியும் இந்த நஞ்சும் ஒரே ஈரலில் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். அப்படி ஓர் ஆள் தானாக அமைவது அபூர்வம். அறிக்கையைக் கொடுத்தபோது அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு சங்கடம் வந்தது. மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது ஓட்டுநர் சீண்டினார்.

"உங்களுக்கு நடு அடுக்கு, எனக்கு ஓரமா? சாருக்கு என்ன சொக்குப்பொடி போட்டீங்கக்கா?"

"வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷா, இந்தா, நீயே வச்சுக்க. உன்னோடத இப்படித் தள்ளு. எந்தச் சோளமா இருந்தா என்ன, நான் நாலு தண்ணி ஊத்தி அலசி, வெயில்ல காயப்போட்டுத்தான் அரைக்கிறேன்."

மூட்டைகள் கைமாறின. நான் படியிறங்கிப் போய் அவரவர் மூட்டையை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தேன். பதிவேட்டில் எண் குழம்பிவிடும் என்றேன். உண்மையும் அதுதான். இருவரும் சிரித்தார்கள். வீட்டில் அலசிக் காயவைப்பதால் பயன் உண்டா என்ற கேள்விக்கும் அந்த வீட்டின் சிறுநீரே விடை சொல்லிவிட்டது. பயனில்லை. அதற்கு என் ஆய்வறிக்கையில் தனி அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.

ஒப்புதல் வாங்கினீர்களா என்று விசாரணையில் கேட்டீர்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் வாசல் பதிவேட்டில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. எழுபத்தொரு கையெழுத்துகள். ஒன்றைக்கூட நான் கட்டாயப்படுத்தி வாங்கவில்லை.

சென்ற ஆண்டின் கடைசியில் கொத்தனாரால் செங்கல் தூக்க முடியவில்லை. வயிறு வீங்கியது. "நீங்க படிச்சவங்க சார், என்ன குடுத்தா தேறுவாரு?" என்று அக்கா என் மேசையருகே வந்து நின்றார். "வழக்கமா சாப்பிடுறதையே குடுங்க, எதையும் மாத்த வேண்டாம்" என்றேன்.

அவர் இறந்து இரண்டு வாரம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். தரையைத் துடைத்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், முழு மூட்டை இனி வேணாம். நானும் ரெண்டு புள்ளைங்களுந்தான். அரை மூட்டை போதும்."

அரை மூட்டை என்றால் தலைக்கு உள்ள அளவு குறைந்துவிடும். நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைத் தராசில் நிறுத்து, நானே வாயைக் கட்டிக் கொடுத்தேன். அக்கா கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலையில் அவருடைய மகளுக்கும் வயிறு வீங்கியது. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, தையல் வேலை. ஒரே வீட்டில் இரண்டாவது ஈரல் என்பதால் மருத்துவருக்குச் சந்தேகம் வந்து, வீட்டிலிருந்த மாவில் ஒரு பிடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். இந்தப் பரிசோதனை செய்கிற ஆய்வகம் இங்கே எங்களுடையது ஒன்றுதான். என் உதவியாளர் முடிவைப் பார்த்ததும் எந்த அடுக்கு என்று கண்டுபிடித்துவிட்டார். முறைப்படி முதலில் என்னிடம் காட்டியிருக்க வேண்டும். உங்களிடம் கொண்டுவந்துவிட்டார்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பிற்பகலில் நீங்கள் கிடங்குக்கு முத்திரை வைத்தீர்கள். அன்று காலையில்தான் அந்த மாதத்துச் சோளத்தைக் கொடுத்திருந்தேன். மகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று அக்கா சீக்கிரமே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.