அறிக்கையில் ஒரு திருத்தம்

குளிர்காலத்தில் பசை சீக்கிரம் காயாது. புத்தகத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பைண்டிங் அறையில் கரி அடுப்பு எதற்கு என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். முதுகில் பசை தடவி அடுக்கிய புத்தகம் வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் இறுகிவிடும். இந்த மாதங்களில் இரண்டு நாள் ஆனாலும் பிசுபிசுவென்றே இருக்கும். விரித்தால் தாள் தாளாகக் கையோடு வந்துவிடும். அதற்காகத்தான் அடுப்பு. வீட்டில் சூடாக இருப்பது அந்த ஒரு அறைதான் என்பதால் அக்காவும் அங்கேயே உட்கார்ந்து மெய்ப்புத் திருத்துவாள்.

நேற்று நீங்கள் கொண்டுவந்து நீட்டிய அறிக்கையை நான் குறை சொல்லவில்லை, ஐயா. காவல் நிலையத்திலிருந்து இவ்வளவு தெளிவான எழுத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு கையெழுத்துதான் சார், போட்டீங்கன்னா முடிச்சுடலாம்" என்று மரியாதையாகத்தான் கேட்டீர்கள். ஆனால் மூன்றாம் பத்தியில், 'ஜன்னல் தற்செயலாகச் சாத்தப்பட்டிருந்தது' என்று இருக்கிறது. முப்பது வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்து வயிறு வளர்த்தவன் நான். தெரிந்தே ஒரு தவறான சொல்லுக்கு அடியில் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. 'தற்செயலாக' என்பதை அடித்துவிடுங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இன்று காலையிலேயே வந்தேன்.

எங்கள் பதிப்பகம் பெரிதல்ல. முன்னறையில் என் மேஜை, நடு அறையில் புத்தகக் கட்டுகள், பின்னால் பைண்டிங் அறை. மாடியில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு ஆகி, நிலைக்கவில்லை. வருடத்துக்கு நாலைந்து புத்தகம் போடுவோம், ஒவ்வொன்றும் முந்நூறு பிரதி. தொடங்கிய நாளிலேயே ஒரு விதி வைத்தோம். கடைசி மெய்ப்பின் முதல் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் அச்சகத்துக்குப் போகும். ஒரு கை குறைந்தாலும் போகாது. விதியைச் சொன்னவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

குளிர்காலத்தில் ஒரு பதிப்பாளனின் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கடைகளிலிருந்து திரும்பி வந்த கட்டுகளைப் பிரித்தால் ஈரத்தில் அட்டையெல்லாம் வளைந்திருக்கும். அவற்றை அடுக்கி மேலே செங்கல் ஏற்ற வேண்டும். பிறகு தபாலுக்குப் பார்சல் கட்ட வேண்டும். ஒட்டும் நாடாவும் குளிரில் ஒட்டாது. பத்து மணி அடித்தால் 'கமா' கூப்பிடுவார். ஒரு கமாவை வைப்பதா எடுப்பதா என்று என்னோடு ஒன்றரை மாதம் பேசிய கவிஞர். எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

"சார், நம்ம புக்கு எப்ப வருது?"

"பசை காயட்டும் சார்."

"போன மாசமும் பசைன்னுதான் சொன்னீங்க."

"போன மாசமும் குளிர்தானே சார்."

அவர் புத்தகம் வந்துவிடும். எல்லோர் புத்தகமும் வந்துவிடும். அறுபத்து மூன்று பேரை நான் அச்சில் ஏற்றியிருக்கிறேன், பாதிப் பேருக்கு ஒழுங்காக ஒரு பத்தி எழுத வராது. அவர்கள் எழுத்துக்கெல்லாம் அக்கா முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டாள். கமாவின் புத்தகத்துக்குப் படிக்காமலேயே போட்டாள் என்பது என் சந்தேகம்.

என் நாவலை நான் பதினோரு வருடம் எழுதினேன். படுக்கையில் விழுந்த தாயை ஒரு மகன் கடைசி மூச்சு வரை பார்த்துக்கொள்கிறான், அதுதான் கதை. எங்கள் அம்மா அப்படித்தான் போனாள். பார்த்துக்கொண்டது அக்கா. நான் அப்போது வேறு ஊரில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். மாதம் ஒரு முறை வந்து, ஒரு மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவேன். நாவலில் அக்கா கிடையாது. கதைக்குத் தேவைப்படவில்லை.

முதல் மெய்ப்பை அவளிடம் கொடுத்தபோது மழைக்காலம்கூட ஆரம்பிக்கவில்லை. நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஓரத்தில் பென்சிலில் கேள்விக்குறிகள். நாற்பதுக்கு மேல் இருக்கும். வேறு ஒரு சொல் இல்லை.

"என்னக்கா இது, பக்கத்துக்குப் பக்கம் கொக்கி மாட்டி வச்சிருக்க?"

"தெரியலடா. அங்கங்க மனசு நின்னுடுச்சு. அதான்."

"தப்பு என்னன்னு சொன்னாத்தானே திருத்த முடியும்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. தப்பு இல்லாம இருந்தா மட்டும் போதுமா?"

திருத்தினேன். இரண்டாம் மெய்ப்பில் கேள்விக்குறிகள் இடம் மாறின, குறையவில்லை. எங்கள் வழக்கம் ஒரு புத்தகத்துக்கு மூன்று மெய்ப்பு. என் நாவல் ஒன்பதாவதுக்கு வந்துவிட்டது. குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். நான் முதல் வகை முட்டாளாக ஐந்து மாதம் இருந்தேன். அவள் கையெழுத்தை நானே போட்டுவிட்டிருக்கலாம், எனக்குத் தெரியாத கையெழுத்தா. ஆனால் அது ஏமாற்று வேலை. அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதினெட்டாம் அத்தியாயத்தில் மகன் தாயைக் குளிப்பாட்டுகிறான். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதில் மட்டும் ஏழு கேள்விக்குறிகள். நான் விடவில்லை, எதிரில் உட்கார்ந்து கேட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"இவன் தண்ணிய எடுத்து அப்படியே ஊத்துறானேடா."

"ஊத்தாம?"

"சூடு எவ்ளோ இருக்குன்னு கைய விட்டுப் பாக்க வேணாமா? படுத்தே கெடந்தவங்களுக்குத் தோலு காகிதம் மாதிரி இருக்கும். ஒரு தடவ குளிப்பாட்டினவன்கூட கைய விடாம ஊத்த மாட்டான்."

"அவ்ளோதானே, ஒரு வரி சேத்துடறேன்."

"சேத்துக்கோ. வரி சேந்துடும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறவர்கள் கோபமாக உடைப்பதில்லை, அன்பாகத்தான் உடைக்கிறார்கள். அன்று இரண்டு வேளை சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் எங்கள் பைண்டர் அந்த அறையில் மயங்கி விழுந்தார். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன, அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. அக்காதான் அவரைத் தோளோடு பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள். அறுபத்தேழு வயதில் அவளுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த ஜன்னலில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்தோம், இரண்டு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும்படி. சுவரில் ஒரு அறிவிப்பும் ஒட்டினோம்: 'அடுப்பு எரியும்போது ஜன்னலைச் சாத்தக் கூடாது.' எழுதியவன் நான். நீங்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டீர்கள். அதில் எந்தப் பிழையும் இல்லை.

போன வியாழக்கிழமை காலை, ஒன்பதாவது மெய்ப்பை வைத்துக்கொண்டு நேராகவே கேட்டேன். போடுகிறாயா இல்லையா என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியலடா தம்பி. வேற பதிப்பகம் ஏதாவது புக்கா போட்டா போட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஊர்ல எல்லாருக்கும் போடுற. எனக்குன்னா மட்டும் கை வராதா?"

"மத்தவங்க எழுதுறது எனக்குத் தெரியாதேடா. இது எனக்குத் தெரியுமே."

வேறு யாரிடமும் நான் போகாமல் இல்லை. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பியிருந்தேன். ஒருவர் பதில் போடவில்லை. இன்னொருவர், 'உங்களிடமே பதிப்பகம் இருக்கிறதே' என்று எழுதியிருந்தார். அதை அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்தேழு வயது, ஐயா. அறுபத்து மூன்று புத்தகங்களின் பின் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, ஒன்றின் முன் பக்கத்திலும் இல்லை. செத்தால் கமாவுக்கு இரங்கல் கூட்டம் நடக்கும், எனக்கு நடக்காது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அழுகையும் வந்தது.

அன்று பைண்டர் லீவு. சாப்பிட்ட பிறகு அக்கா வழக்கம்போல அந்த அறைக்குப் போனாள். வேறு ஒருவரின் கட்டுரைத் தொகுப்பு, அதைத் திருத்த வேண்டியிருந்தது. அவளுக்கு இரண்டு நாளாக இருமல். நான் அடுப்பில் கரி போட்டேன். அவள் முழங்காலுக்குச் சால்வை போர்த்தினேன். பிளாஸ்கில் டீ வைத்தேன். காற்று மேஜையில் இருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது, அவளும் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தாள். நான் மரத்துண்டை எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

"தொறந்தே இருக்கட்டுமேடா" என்றாள்.

"இருமல் இருக்குல்லக்கா. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து தொறந்து விடறேன்."

சரி என்று தலையாட்டினாள். நான் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள், நாவலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும். வெளியே வந்து கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் சாக்கை மடித்துத் தள்ளினேன். கதவைப் பூட்டவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் எழுந்து வர நினைத்தால் வந்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். மரத்துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. முன்னறையில் உட்கார்ந்து அதை மேஜைமேல் வைத்தபோதுதான், இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது என்று எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். மேஜைமேல் தலை சாய்த்திருந்தாள், கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், டாக்டர் வந்தார், நீங்கள் வந்தீர்கள். நான் அழுததைப் பார்த்தீர்கள். அது நடிப்பு இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

என்னை நீங்கள் கொடூரன் என்று நினைக்கலாம். நான் அக்காமேல் கை ஓங்கியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து. இப்போது பதிப்பகத்தில் நான் ஒருவன்தான், என் ஒரு கையெழுத்தே போதும். ஆனால் மெய்ப்பு இன்னும் மேஜைமேல்தான் கிடக்கிறது. அச்சகக்காரர் நேற்று போன் செய்து, துக்கம் விசாரித்துவிட்டு, "உங்க நாவல அனுப்பிடுங்க சார், அக்கா பேருக்கே அர்ப்பணிச்சுடுங்க" என்றார். நல்ல மனிதர். அனுப்புகிறேன் என்றேன்.

நாலாம் பத்தியிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. 'முன்னறையில் இருந்த தம்பிக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிழை இல்லை, நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள். கேட்டது. மூன்றரை மணி இருக்கும். "தம்பி, கொஞ்சம் வாடா, காலு எழும்பவே மாட்டேங்குது" என்றாள். சிறிது நேரம் கழித்து வெறுமனே "தம்பி" என்றாள். நான் அப்போது பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியத்தில் இருந்தேன். தாய் கூப்பிட்ட முதல் குரலுக்கே மகன் எழுந்து ஓடுகிற வாக்கியம். அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அது இன்னும் சரியாக வரவில்லை.