ராஸ் நொண்டின ஈஸ்டர்

— பிரமாதம் க்ளெனிஸ்! கை தட்டவா? மைதானத்தை ஒரு சுத்து நொண்டிக்கிட்டே வந்தியே, உன் புருஷன் ராஸே எந்திரிச்சு வந்த மாதிரி இருந்துச்சு.

— கொஞ்சம் நகரு நெவில். உக்காரணும்.

— உக்காரு, உக்காரு. ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். நீ எப்படி நொண்டினாலும் சரி, சனிக்கிழமை ஓட்டத்துக்கு நீ நின்னு கெளம்புற கோட்டை ஒரு சாண் கூட முன்னால தள்ளிப் போட மாட்டேன்.

— நான் கேட்டேனா?

— கேக்காம வாங்குறதுதானே உங்க வீட்டு வழக்கம். ஈஸ்டருக்கு முன்னாடி ஊர் பாக்க நொண்ட வேண்டியது. பாவம்னு கோடு போடுறவன் முன்னால நிக்க விடணும். துப்பாக்கி வெடிச்சதும் முயல் மாதிரி பாய வேண்டியது. நானும் இருபது வருஷமா இந்தக் கிளப்புல கோடு போடுறேன். வேகமா ஓடுறவங்க பின்னாடி, மெதுவா ஓடுறவங்க முன்னாடி. எல்லாரும் ஒண்ணா வந்து கயித்தைத் தொடணும். எங்கிட்டயேவா?

— கேளு முதல்ல. நெஜமாவே வலிக்குது.

— நம்பிட்டேன் போ.

— முதல்ல ஓடுறப்ப மட்டும்தான் வலிச்சுது. நின்னா போயிடும். பழைய ஷூவாலதான்னு நெனச்சு புதுசு வாங்கினேன். அப்புறம் கடைக்கு நடந்து போனாலே வலிச்சுது. இப்போ படுத்திருந்தாகூட விண்ணு விண்ணுனு தெறிக்குது.

— ஹா! வார்த்தைக்கு வார்த்தை அதே வசனம். இதே பெஞ்சு, இதே வியாழக்கிழமை. "நெவ், படுத்தாகூடத் தெறிக்குதுடா"ன்னான். முகத்தை எப்படி வெச்சிருந்தான் தெரியுமா? நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்னா பாத்துக்க.

— அப்புறம் நீ என்ன சொன்னே?

— தெரியாத மாதிரி கேக்குறியே. நூறு தடவ கேட்ட கதைதானே.

— இன்னொரு தடவ சொல்லு. வலியை மறந்துட்டு உக்காந்திருப்பேன்.

— "டாக்டர்கிட்ட போகவாடா?"ன்னு கேட்டான். "போ, போ, கட்டுப் போட்டுக்கிட்டு வா, இன்னும் ரெண்டு மீட்டர் முன்னால விடுவாங்க"ன்னேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவனும் சிரிச்சான்ல?

— சிரிச்சிருப்பான்.

— அப்போ கோடு போட்டவரு அந்த ஹெர்பெர்ட் கிழவரு. கல்லு மனசுக்காரரு. அவரையே கரைச்சுட்டானே! ஒரு மாசம் விடாம நடிச்சான். கோதுமை மூட்டையைத் தூக்குறப்ப நொண்டல், சர்ச்சுக்கு வர்றப்ப நொண்டல். பப்புல நாற்காலி மேல காலை நீட்டி, ஐஸை மூட்டை கட்டி வெச்சுக்கிட்டுதான் பீர் குடிப்பான். ஒரு தடவகூட மறந்து நேரா நடக்கல. எந்த நடிகனுக்கு வரும் அது?

— வராது. ஒருத்தனுக்கும் வராது.

— சனிக்கிழமை வந்துச்சு பாரு. அந்த யூக்கலிப்டஸ் மரம் வரைக்கும் கூட்டம். பந்தயம் கட்டுறவங்க ஒருத்தனும் அவன் பேர்ல காசு வெக்கல. துப்பாக்கி வெடிச்சுது. அம்மாடி! அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. கயித்தைத் தாண்டினதும் புல்லு மேல உக்காந்துட்டான். உக்காந்து, காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. கண்ணுல தண்ணி தண்ணியா ஊத்துது, சிரிப்பை நிறுத்த முடியல. நாங்க அப்படியே தோள்ல தூக்கிட்டோம். ராத்திரி வரைக்கும் அவன் காலு தரையில படல. நீ லாமிங்டன் கேக் விக்கிற மேசையில இருந்தே. உன்கிட்டதான் முதல்ல கொண்டுவந்து எறக்கினோம். ஞாபகம் இருக்கா?

— நீல சட்டை. முதுகெல்லாம் புல்லு. என் தோளை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

— பிடிக்க மாட்டானா பின்ன! அதுக்கப்புறம் ஷூவைக் கழட்டி ஆணியில மாட்டினவன்தான். "உச்சியில இருக்கறப்பவே விட்டுடணும் நெவ்"ன்னான். கெத்து அவன். நானா இருந்தா அடுத்த வருஷமும் வந்து தோத்திருப்பேன்.

— அவன் இல்லாம நீ மட்டும் சொல்றப்ப என்னமோ பண்ணுது நெவில்.

— எனக்கும்தான். மைதானத்துக்கு வந்தா முதல்ல இந்தப் பெஞ்சைத்தான் கண்ணு தேடுது. சரி, விடு. சனிக்கிழமை மூத்த பெண்கள் ஓட்டத்துக்கு அவன் பேரு வெச்சாச்சு. நீலப் பட்டை தைச்சு வந்திருச்சு. ஜெயிக்கிறவ தோள்ல நான்தான் போடப் போறேன். அது உன் தோளா இருந்தா நல்லாருக்கும்தான். அதுக்காக இப்படி நொண்டக் கூடாது.

— அதனாலதான் ரெண்டு மனசா இருக்கேன். கிளினிக் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. நாளைக்கு புனித வெள்ளி. செவ்வாய்க்கிழமைதான் மறுபடி தெறப்பாங்க. இப்பவே போனா, ஓடாதேன்னுவாங்க. போகலேன்னா சனிக்கிழமை ஓடிடலாம். அவன் பேர்ல முதல் ஓட்டம். அதுல நான் இல்லாம எப்படி?

— அப்போ ஓடேன். மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டு ஓடு. செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்.

— நெவில், இங்க வா. குனி.

— எதுக்கு?

— குனிஞ்சு என் காலைப் பாரு. சாக்ஸை நான் கழட்டுறேன்.

— முழங்கால் மடங்காது எனக்கு. என்னத்தைப் போய்... க்ளெனிஸ். இதென்ன இது? வீங்கி, கணுக்கால் எலும்பையே காணோம்.

— அந்தப் பக்கம் தொட்டுப் பாரு. மெதுவா! ஐயோ! மெதுவான்னேன்ல!

— நான் தொடக்கூட இல்லையே. நீலம் பூத்திருக்கு. சுடுது. இந்தக் காலை வெச்சுக்கிட்டா மைதானத்தைச் சுத்தினே? எந்திரிச்சு ஊனு பாக்கலாம்.

— முடியல. அதான் உக்காந்தேன்.

— முதல்லயே சொல்றதுக்கென்ன!

— வந்ததுல இருந்து அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்.

— அதுவும் சரிதான். மடையன் நான். நீ கடைக்கு நொண்டிக்கிட்டுப் போறதைப் பாத்து, நடிக்கிறேன்னு நெனச்சு உன் கோட்டை நேத்தே ரெண்டு மீட்டர் பின்னால தள்ளிட்டேன். தோள்ல கையைப் போடு. கார் வேலிப் பக்கம்தான் நிக்குது.

— பட்டை?

— பட்டை கெடக்கு. அடுத்த ஈஸ்டரும் இதே புல்லுதான், இதே பேருதான். உன் கால் வேணும். பாத்து, பள்ளம். அந்த நர்ஸம்மாவுக்கு நான் ஃபோன் போடுறேன், பூட்டிடாதீங்கன்னு. என்ன அப்படிப் பாக்குறே?

— நீ இவ்வளவு சீக்கிரம் சரின்னுவேன்னு நெனைக்கல.

— கண்ணால பாத்தப்புறமும் சொல்லலேன்னா நான் மனுஷனா? ஏறு. காலை முன்னால நீட்டிக்க. இந்தக் கம்பளிச் சட்டையை மடிச்சு அடியில வெச்சுக்க.

— நெவில். சாவியைத் திருப்பாத, இரு. ராஸ் டிராக்டர்ல இருந்து விழவே இல்ல.

— என்னது?

— கடைசி வரைக்கும் கோல் ஊனினானே, ஓட்டம் முடிஞ்ச வாரம் டிராக்டர்ல இருந்து விழுந்ததுன்னு. அது இல்ல. அந்த ஈஸ்டர்தான். எலும்புல ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு. கயித்தைத் தாண்டினப்ப ரெண்டா முறிஞ்சிருச்சு. ஓட்டத்துக்கு முன்னாடியே வந்திருந்தா கட்டோட போயிருக்கும்னாரு டாக்டர்.

— இல்ல. அவன் சிரிச்சான். நான் பக்கத்துல நின்னேன் க்ளெனிஸ். சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி...

— அது சிரிப்பு இல்ல நெவில்.

— தோள்ல தூக்கினோமே...

— நீங்க தூக்கலேன்னா எப்படி எந்திரிச்சிருப்பேன்னு தெரியலம்பான். உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்னு இருந்துச்சாம்.

— நாப்பது வருஷம். ஒவ்வொரு கிறிஸ்துமஸும் உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்து, நொண்டிக் காட்டிக் காட்டிச் சொன்னேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீயாவது சொல்லியிருக்கலாம்.

— ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வாயைத் தெறப்பேன். மேசைக்கு அடியில என் கையை அழுத்திப் பிடிச்சுக்குவான். நீ கெளம்பிப் போனதும் சொல்வான்: "விடு க்ளென். நெவில் சொல்ற கதையிலதான் என் காலு நல்லா இருக்கு."